பீக்காவின் சோம்புப் பொட்டலம்

குஜராத்தில் மோர்பி ஊர் டைல்ஸ் ஆலையில் சூளை பார்த்த ரண்மலுக்கு இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை அடக்கி வைத்த இடம். சதையைச் சோதித்த டாக்டர் பாருல்பென் அவரிடம் பொறுமையாகச் சொன்னார்:

"இன்னும் புத்துநோய் ஆகல, ரண்மல்பாய். ஜீன்ல எழுத்து எதுவும் அழியல. புத்துநோயத் தடுக்கிற ஜீனுக்குப் பூட்டு விழுந்திருக்கு, அவ்வளவுதான். புது மருந்து ஒண்ணச் சோதிக்கிறோம், அந்தப் பூட்டத் திறக்கப் பாக்கும். நீங்க பாக்கோ புகையிலையோ போட்டா திரும்பப் பூட்டிக்கும்."

ரண்மல் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். வாய் சும்மா இருக்காதே என்று, சிறுவயதுச் சிநேகிதன் பீக்காவின் கடையில் வறுத்த சோம்பு மட்டும் வாங்கி மென்றார்.

சில மாதம் கழித்து, மருந்து தொடங்குமுன் சிறுநீரைச் சோதித்தார்கள். புகையிலை இருந்தது. கன்னத்தில் மறுபடி எடுத்த சதையில் புற்றும் தொடங்கியிருந்தது.

"பொண்ணு தலையில அடிச்ச சத்தியமும் பொய்யா?" என்றாள் மனைவி ஜஷு.

ரண்மல் அவளை நேரே பீக்காவின் கடைக்கு அழைத்துப் போனார்.

"டேய் பீக்கா, சோம்புல என்னடா போடுற?"

பீக்கா சிரித்தான். "ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூள்டா. இல்லேன்னா ரெண்டே நாள்ல கடைப் பக்கம் வரமாட்ட. நீ தவிச்சத என்னால பாக்க முடியல. என்ன அண்ணி, பழைய சிநேகிதம், விட்டுடுவேனா?"

"டாக்டர்கிட்ட வந்து சொல்லு."

"கடைய யாரு பாக்குறது?"

ஜஷு சோம்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் தனியாகப் போனாள்.

"உங்க வீட்டுக்காரர நான் நம்புறேன் ஜஷுபென்," என்றார் டாக்டர். "யாரு போட்டாங்கன்னு கன்னம் கேக்காதே. புத்துநோய் ஆயிட்டதால இனி அந்த மருந்துக்கு அவரச் சேக்க முடியாது. அறுவைதான்."

கன்னத்தோடு தாடையில் பாதி போயிற்று. மூக்குவழி உணவுக் குழாயை எடுத்து, வாயால் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று பீக்கா தூக்கு நிறைய மோருடன் வார்டுக்கு வந்தான். டம்ளரில் ஊற்றி நீட்டினான்.  ரண்மல் டம்ளரை வாங்கி, பீக்காவின் வாய்க்கு நேரே திருப்பிப் பிடித்தார்.

"என்னடா, நானா?"

ரண்மல் கையை இறக்கவில்லை. பீக்கா ஒரு வாய் குடித்தான். ரண்மல் பார்த்துக்கொண்டே இருந்தார். மீதி மோரை ஜஷு ஜன்னலுக்கு வெளியே கொட்டினாள்.