புங்க மரத்தடிக் காட்சிசாலை

அறுபத்தாறாம் வருஷத்து ஆயுத பூசையைப் பற்றிப் பேச்செடுத்தால் சாரதாமணிக்கு இன்றைக்கும் மூக்கு விடைத்துவிடும். அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைப்பதே அப்போதுதான். மறுநாள், துணியில் ஓட்டை தேடி அடைக்கிற செக்கிங் பெண்கள் எல்லோரும் லாரி பிடித்து, கோயமுத்தூரில் காட்டுப் பொருள்கள் வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகம் பார்க்கப் போனார்கள். பூட்டுத் தொங்கியது. விஜயதசமி, அவர்களுக்கும் லீவாம். கால் ஊனமான சுப்புலட்சுமி சன்னல் கம்பியைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்துவிட்டு, "நமக்குக் குடுத்து வெச்சது இவ்வளவுதானுங்கக்கா" என்றாள். சாரதாமணிக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

திரும்பியதும் முதலாளி வெள்ளியங்கிரியிடம் நேராகப் போய், தாங்களே ஒரு காட்சிசாலை வைக்கக் கம்பெனிக்குப் பின்னாலிருந்த புங்க மரத்தடியைக் கேட்டாள்.

"பொங்கல் வரைக்கும் வெச்சுப் பாரு அம்மிணி. ஆளுக வரலீன்னா பஞ்சுக் கொட்டாய் போட்டுருவேன்" என்றார் அவர்.

சேவூர்க் காட்டிலிருந்து நெடுக்காக வெட்டிய கரையான் புற்று, பாம்புச் சட்டை, தூக்கணாங்குருவிக் கூடு எல்லாம் வந்து சேர்ந்தன. துணியில் நூல் எண்ணுகிற பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். 'தொட்டுப் பாருங்கள்' என்று கரியால் எழுதி வைத்தாள். அந்த நிழலை நினைத்தால் இப்போதும் அவளுக்கு மனசு குளிரும். ஆனால் இரண்டு மாதமாக ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. "புத்து எங்க ஊட்டுக்குப் பின்னாலயே இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு அவரவர் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்தார்கள்.

போகிக்கு முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வந்து நின்றார். "குருவி எந்த வழியா உள்ள போகும் அம்மிணி?"

சாரதாமணி கூட்டைத் திருப்பினாள். வாசலைக் காணோம்.

"அடியில பெரிய ஓட்டைங்கக்கா," சுப்புலட்சுமி மெல்லச் சொன்னாள். "மொதலாளி வர்றாரேன்னு காலைல அதோட நாரையே உருவி அடைச்சுட்டேனுங்க."

பன்னிரண்டு வருஷமாகப் பனியன் துணியில் ஓட்டை அடைத்த கை, குருவி வீட்டையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் போச்சு என்று சாரதாமணி கூட்டை முதலாளியிடமே நீட்டினாள்.

முதலாளி பூதக்கண்ணாடியை வைத்துக் கூட்டை உருட்டி உருட்டிப் பார்த்தார். "எங்க அடைச்சே? தெரியலியே!"

அது போதாதா? டேமேஜ் கண்டுபிடிப்பதில் புலிகளாயிற்றே. செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் போசியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். கண்ணாடியை வாங்கிப் பார்த்தவர்கள் அடைப்பைத் தேடுவதையே மறந்துபோனார்கள்.

"நாருக்கு நாரு முடிச்சுப் போட்டிருக்குதுங்க!"

"கையே இல்லாமயா?"

கண்ணாடி புற்றுக்குப் போனது. பாம்புச் சட்டைக்குப் போனது. சாப்பாட்டு நேரம் முடிந்து கம்பெனிச் சங்கு ஊதியது. யாரும் நகரவில்லை. முதலாளி இன்னொரு தரம் பார்க்கக் கை நீட்டினார். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சுப்புலட்சுமி சொன்னாள்:

"ஆரா இருந்தாலும் வரிசைல வாங்க சாமி."

வெள்ளியங்கிரி போய்க் கடைசியில் நின்றுகொண்டார்.