மதலேனம்மாளும் மேட்டுக்காட்டில் கட்டப்பட்ட நாயும்

காந்தலூரில் மதலேனம்மாளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. நல்லதொரு காவல் நாயைக் கெடுத்து, அடுத்தவர் கிழங்கைப் பன்றிக்குக் கொடுத்தவர் என்பார்கள் சிலர். நாய்ப் பைத்தியம் என்று சிரிப்பார்கள் மற்றவர்கள். இரண்டும் பிழை. அவர் பயிர் செய்த நிலத்துக்கு அடுத்த கீழ்ப்பாத்தி என்னுடையது. அவரால் எனக்கு இழப்பு ஏற்பட்டது உண்மை. அதற்கு நிவாரணம் கேட்டு வனத்துறைக்கு நான் எழுதிய மனுக்களின் நகல்களும், அவை காரணம் சொல்லப்படாமல் திரும்பி வந்த உறைகளும் இன்றும் என்னிடம் உள்ளன. ஆகவே அவருக்குச் சாதகமாக எழுத எனக்கு ஒரு முகாந்திரமும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மதலேனம்மாள் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். இளவயது முழுவதும் கொழுந்தெடுத்தார். சரிவில் விழுந்து முழங்கால் கெட்ட பிறகு, கொழுந்தெடுக்கும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் கொட்டகையில் அவரை ஆயாவாக வைத்தார்கள். காலையில் தாயின் தோளை விடாத குழந்தையைப் பிரித்தெடுத்துத் தொட்டிச்சேலையில் போடுவது அவர் வேலை. "திரும்பிப் பாக்காமப் போ தாயி, அது தானா அடங்கிரும்" என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லி அனுப்புவார். குழந்தைகளும் அடங்கின. கைராசிக்காரி என்று தோட்டத்தில் பெயர் இருந்தது.

அவருடைய கணவர் சூசையப்பன் ஆலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்தவர். தேயிலைத் தூள் நெஞ்சில் இறங்கி மூச்சிரைப்பு முற்றியதும், 1974ஆம் ஆண்டில் இருவரும் தோட்டத்தை விட்டுக் காந்தலூருக்கு வந்தார்கள். கூடவே ஒரு செவலை நாயும் வந்தது. பிள்ளைக் கொட்டகையின் பலகைக்கடியில் பிறந்து, குழந்தைகளின் நடுவிலேயே வளர்ந்த நாய் அது. தோட்டத்தில் அதற்குப் பெயர் கிடையாது. இங்கே வந்த அன்று சூசையப்பன் அதற்குத் தொரை என்று பெயர் வைத்தார்.

"இத்தன வருசம் நாம தொரைக்குச் சலாம் போட்டோம். இனிமே தொரை நமக்கு வாலாட்டட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நிலம் கொடுத்தவர் குப்பண்ணன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கவுண்டர். மலையில் நிலம் வாங்கி வந்து நெடுநாள் ஆனவர். சரிவின் கீழ்ப்பகுதியில் அவரும் நானும் வேறு இருவரும் உருளைக்கிழங்கு போட்டோம். மேலே காட்டை ஒட்டிய துண்டு, மேட்டுக்காடு, அவருடையதுதான் என்றாலும் தரிசாகவே கிடந்தது.

"அம்மிணி, அங்க எதைப் போட்டாலும் பன்னிக்குத்தானுங்க. உங்ககிட்ட நாயி இருக்குது. ராத்திரிக்கு அங்க கட்டி வெச்சீங்கன்னா நீங்களும் பொழைக்கலாம், கீழ இருக்கற நாங்களும் பொழைச்சுக்குவோம். பங்கு அப்பறம் பேசிக்கலாம்" என்றார் குப்பண்ணன்.

நிலத்துக்கான நிபந்தனை அந்த நாய்தான். நாய் குரைக்கும் வரையில் நிலம் அவருக்கு. எழுத்தில் ஒன்றும் இல்லை என்றாலும் இது எங்கள் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சூசையப்பனுக்கு இரவில்தான் மூச்சிரைப்பு கூடும். முதுகைத் தடவி வெந்நீர் கொடுக்க ஆள் வேண்டும். ஆகவே மதலேனம்மாள் பொழுது சாயும் நேரத்தில் தொரையை மேட்டுக்காட்டிலிருந்த காவல் குடிசையின் காலில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் நாளே அது விடியும் வரை குரைத்தது. மறுநாளும் அப்படியே. காட்டு விளிம்பு வரை வந்த பன்றிகள் அங்கேயே நின்று திரும்பிய தடம் காலையில் தெரிந்தது. எங்களுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி.

"ஏனுங்கம்மிணி, உங்க தொரை ராத்திரி டூட்டி பாக்கறாரு, நாங்க காலை நீட்டித் தூங்கறோமுங்க" என்று குப்பண்ணன் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "உங்க தோட்டத்துத் தொரைமாருல ஒருத்தனாச்சு இப்புடி வேலை செஞ்சிருப்பானா?"

கீழ்ப்பாத்திக்காரர் நால்வரும் முறை வைத்து நாய்க்கு ராகிக்களி கொடுத்தனுப்பினோம். மதலேனம்மாள் அதைப் பெருமையோடுதான் வாங்கிச் சென்றார். நாயின் கழுத்தில் கயிறு அறுத்துப் புண்ணானது; மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, கயிற்றுக்குத் துணி சுற்றினார். முன்னங்காலை அதுவே கடித்து மயிர் உதிர்ந்தபோது, உண்ணி என்று நினைத்துப் புகையிலைத் தண்ணீரில் கழுவினார். குரல் கம்மிப் போனபோது, பாவம், நன்றாக உழைக்கிறது என்றார்.

ஒரு மாலை, நாயைக் கட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகு, அரிவாளை மேலேயே மறந்தது மதலேனம்மாளுக்கு நினைவுக்கு வந்தது. வழக்கமான பாதையில் திரும்பாமல், பாறைக்கு மேலாகச் செல்லும் குறுக்கு வழியில் ஏறினார். வெளிச்சம் இன்னும் இருந்தது. காற்று எதிர்ப்பக்கமாக வீசியதால் நாய்க்கு அவர் வாடை எட்டவில்லை. பாறையின் மேலிருந்து அவர் கண்டது இது: காட்டு விளிம்பில் ஒரு பெட்டைப் பன்றி குட்டிகளோடு நின்றிருந்தது. தொரை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கயிறு நீண்ட மட்டும் நீண்டு, பின்னங்கால்களில் எழும்பி, அவர் இறங்கிப் போன பாதையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குரைப்பின் முடிவிலும் ஓர் இழுப்பு. பன்றி சற்று நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. வந்ததும் போனதும் நாய்க்குத் தெரியாது. பாதைப் பக்கத்து மண் முழுவதும் அதன் நகத்தில் கிழிபட்டுக் கிடந்தது; காட்டுப் பக்கத்தில் புல் மடங்காமல் நின்றது.

அவர் அரிவாளை எடுக்கவில்லை. இறங்கிப் போய் நாயைத் தொடவும் இல்லை. அந்த இழுப்பை அவர் பிள்ளைக் கொட்டகையில் கேட்டிருந்தார். தாய் கண்மறைந்து, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் நிறுத்த முடியாமல் அழும் குழந்தையின் ஒலி அது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார்.

"அது காவல் காக்கலங்க."

"பின்ன என்ன செய்யுதாம்? செபமாலை சொல்லுதாக்கும்?"

"அழுவுது."

"ஏளா, நாய்னா குலைக்கத்தான் செய்யும்."

"காட்டுக்கு முதுகக் காட்டிட்டு நிக்குதுங்க. நான் வந்த பாதையத்தான் பாக்குது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? எத்தன பிள்ளைககிட்ட கேட்டிருக்கேன்."

சூசையப்பன், "இத்தன நாளா தெரியலயே உனக்கு" என்றார். குற்றம் சாட்டும் எண்ணத்தில் அவர் அதைச் சொல்லவில்லை என்று என்னிடம் பின்னால் வருந்தியிருக்கிறார். ஆனால் அந்த அம்மாள் அன்று சோறு உண்ணவில்லை.

மறுநாள் நாயைக் கூடவே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அன்றிரவே பன்றிகள் இறங்கி, குப்பண்ணனின் பாத்தியில் ஒரு மூலையைக் கிளறிப்போட்டன. காலையில் நாங்கள் நால்வரும் அவர் வாசலுக்குப் போனோம்.

"தொரை லீவு போட்டுட்டாராட்ட இருக்குது" என்றார் குப்பண்ணன். "ஊட்டுக்குள்ள கதகதன்னு படுத்துக்கிட்டா காட்டை யாருங்க பாக்கறது?"

"அண்ணாச்சி, ஆளுக்கொரு ராத்திரின்னு மொறை வச்சுக் காவலுக்குப் போவமா? என் மொறைக்கு நானும் வாரேன்" என்றார் மதலேனம்மாள்.

"நாயி இருக்கறப்ப ஆளு எதுக்குங்க?"

எல்லோரும் சிரித்தோம். அன்று மாலை மதலேனம்மாள் தொரையை மீண்டும் மேட்டுக்காட்டில் கட்டினார். முன்பெல்லாம் அது என்ன என்று தெரியாமல் கட்டியவர், இப்போது தெரிந்துகொண்டே கட்டினார். கயிற்றில் முடிச்சுப் போட்டதும், தாய்மார்களிடம் சொன்ன அதே சொல் தன் வாய்க்கு வந்ததாகவும், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விழுங்கியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் செய்தது எங்களுக்குத் தெரியாமல் செய்தது. கொட்டகையில் அவர் கவனித்து வைத்திருந்த ஒன்று இருந்தது. குழந்தை அசந்த நேரம் பார்த்து நழுவிப் போகும் தாயின் பிள்ளைதான் அதிக நேரம் அழும். தண்ணீர் எடுக்கப் போய்வருவதுபோல் இரண்டு மூன்று முறை போய்த் திரும்பிக் காட்டிய தாயின் பிள்ளை விரைவில் தேறும். பகலில் வேலை செய்யும்போதே அவர் நாயைப் பழக்கத் தொடங்கினார். குடிசைக்குப் பின்னால் போய், அது வாய் திறக்கும் முன்பே திரும்பி வந்தார். பிறகு கல்கட்டு வரை. பிறகு ஓடை வரை. போகும்போது கொஞ்சவில்லை, வந்ததும் கொண்டாடவில்லை. ஒருமுறை நேரத்தை அதிகமாக்கியதில் நாய் பழையபடி ஓலமிட, மீண்டும் குடிசைக்குப் பின்னாலிருந்து தொடங்கினார். கயிற்றை அவிழ்த்து, குடிசைக்குள் தன் பழைய சேலையை விரித்து, மூங்கில் படலைச் சாத்தும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மாலையில் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அதை ஓடைவரை ஓடவிட்டுக் களைக்க வைத்தார்.

நாய் தேறத் தேற, குரைப்பு குறைந்தது. அவருக்கு அச்சம் கூடியது. காட்டோரமாகக் கயிறு கட்டிக் கற்கள் போட்ட தகர டப்பாக்களைத் தொங்கவிட்டார். காற்றில் அவை ஆடிச் சத்தமிட்டன. குரைப்புக்கு அஞ்சிய பழக்கத்தால் பன்றிகளும் சில வாரம் வரவில்லை. நாங்கள் கொடுத்த ராகிக்களி மட்டும் முறை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்போம், ஆகவே வாங்கிக்கொண்டார். என் வீட்டு வாசலில் அவர் பாத்திரத்தை நீட்டும்போது முகத்தைப் பார்க்காமல் நிற்பதை, மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"தொரையோட சத்தமே காணமேங்க அம்மிணி?" என்று ஒருநாள் குப்பண்ணன் கேட்டார்.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது அண்ணாச்சி."

கிழங்கு முற்றி, தோண்டுவதற்குச் சில நாட்களே இருந்தபோது பன்றிகள் கூட்டமாக இறங்கின. டப்பாக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருந்தன. என் பாத்தியில் பாதிக்கு மேல் போயிற்று. குப்பண்ணனுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. மேட்டுக்காட்டுக்கு ஓடினோம். படலைத் திறந்தால், தொரை சேலையின் மேல் சுருண்டு கிடந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து நெளிந்து, ஒவ்வொருவர் காலிலும் முகத்தைத் தேய்த்தது. அதற்குள் மதலேனம்மாளும் மேலேறி வந்துவிட்டார்.

"அம்மிணி, நாயிக்கு ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று குப்பண்ணன் கேட்டார். கோபத்திலும் அவர் ஒரு வழியைத் திறந்து வைத்தார். ஆம் என்றிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம்; நிலமும் அவரிடமே இருந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. நான்தான் அத அழாமப் பழக்கினேன்."

"எதுக்குங்க?"

"அது காவலுக்குக் குலைக்கல. தனியா நிக்கமாட்டாம அழுதுச்சு. ஒங்ககிட்ட சொல்லாமச் செஞ்சது என் தப்புதான்."

"அது அழுதா நமக்கென்னுங்க? நாம அழுகாம இருக்கோணுமில்ல?"

"அதுவும் சரிதான் அண்ணாச்சி" என்றார் மதலேனம்மாள்.

நிலம் போயிற்று. விளைந்ததை எடுத்துக்கொண்டு போகும்படி குப்பண்ணன் நியாயமாகவே சொன்னார். அந்த அம்மாள் மேட்டுக்காட்டில் பன்றிகள் விட்டுவைத்த தன் கிழங்கைத் தோண்டி, சேதப்பட்டவர்களின் வீடுகளுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு வந்த மூட்டையைப் பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். "நான் பட்ட பாடும் இதுல எழுதியிருக்கா அய்யா?" என்று கேட்டார், வாங்காமல் போய்விட்டார். அந்தச் சீட்டும் என்னிடமே இருக்கிறது.

அதன்பின் அவர் மற்றவர்களின் பூண்டுக் காட்டிலும் பீன்ஸ் காட்டிலும் கூலி வேலைக்குப் போனார். தொரை வரப்போரம் படுத்திருக்கும். அவர் ஓடைக்குப் போனாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளும். அவர் அடைய நினைத்தது கைகூடிவிட்டது என்றுதான் நானும் எண்ணினேன்.

அடுத்த பருவத்தில் குப்பண்ணன் மறையூரிலிருந்து ஒரு கறுப்பு நாயைக் கொண்டுவந்து மேட்டுக்காட்டுக் குடிசைக் காலில் கட்டினார். இளங்குட்டி. அதுவும் பொழுது சாய்ந்ததிலிருந்து குரைத்தது. நாங்கள் உறங்கினோம். கூலி முடிந்து திரும்பும் மதலேனம்மாளுக்கு அந்தப் பாதைதான் வழி. அவர் காலடி கேட்டதும் அது கயிற்றின் முனை வரை வந்து வயிற்றைத் தரையில் தேய்க்கும். ஒருநாள் அவர் அங்கே நிற்பதைக் குப்பண்ணன் பார்த்துவிட்டார்.

"அம்மிணி, இதையும் ஊமையாக்கீட்டுப் போயிராதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

"தொட மாட்டேன் அண்ணாச்சி."

சொன்னபடியே இருந்தார். மறுநாளிலிருந்து ஓடையைச் சுற்றிக்கொண்டு போனார், கெட்ட முழங்காலோடு. ஆனால் குரைப்பு அந்த வழியிலும் கேட்டது; வீட்டிலும் கேட்டது. தொரை அடுப்போரம் தூங்கும். தன் நாய்க்காகத் தான் செய்ததுதான் இன்னொன்றை அங்கே கொண்டுவந்து கட்டியது என்று அவர் கணவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்தப் பேச்சைப் பொறுக்காமல் ஒரு மாலை விளக்கேற்றியதும் சூசையப்பன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பனி எறங்குது. நெஞ்சுக்கு ஆகாது" என்றார்.

மதலேனம்மாள் கம்பளியை எடுத்து வந்து அவருக்குக் கழுத்துவரை போர்த்தினார். பிறகு போய்க் கதவைத் திறந்து வைத்தார்.

"ஊரே தூங்குது. அழுவுதுன்னு தெரிஞ்சு ஒருத்தராச்சும் கேக்கணும்ல" என்று சொல்லி, நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாராம்.