ஏழாம் நம்பர் கார்

தென்காசியில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான் ரத்தினம். புது பஸ்ஸுக்குச் சேஸிஸ் எடுத்துவர மெட்ராஸ் போனவன், சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்தான். போன ஆள் வேறு, வந்த ஆள் வேறு. கடையநல்லூரிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் வியாபாரி ஒருவரிடம் சொல்லிவைத்து, உள்ளங்கையில் அடங்கும் சீமைப் பொம்மைக் கார்களை வரவழைத்தான். அரத்தால் கூரையைச் சீவினான். பேப்பரில் வந்த பந்தயக் கார் படத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கை நீட்டினான். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட ஊசிதான் புகைக்குழாய், பழைய சைக்கிள் டியூப்தான் டயர்.

இதெல்லாம் பிள்ளைகுட்டி உள்ள வீட்டில் நடந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கலியாணமாகி எட்டு வருஷமாகியும் தொட்டில் கட்டாத வீடு. அங்கே பொம்மைக் கார் வரிசையாக நின்றால் தெரு சும்மா இருக்குமா? மனைவி தங்கபுஷ்பத்துக்கு அந்தக் கார்களைக் கண்டாலே உடம்பு கூசும். துடைத்து வைப்பாளே தவிர, ஒன்றைக்கூட உற்றுப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் கட்டியதும், இலத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த ரத்தினத்தின் தங்கை உலகம்மை அருவியில் குளிக்க வந்து, அண்ணன் வீட்டில் தங்கினாள். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் மகன் காமராஜ் சிவப்புக் காரைக் காட்டித் தரையில் புரண்டான். ஏழாம் நம்பர் எழுதிய கார். முதலில் செய்தது ஈயம் பற்றவைக்கும்போது சூடு தாங்காமல் உருகிப்போய், ஒரு வருஷம் பாடுபட்டு மறுபடி செய்தது. ரத்தினம் பட்டறைக்குப் போயிருந்தான்.

"அவுஹ வந்து தரட்டும் உலகம்மா."

"உங்க இஷ்டம் மதினி. பிள்ளை ஏங்கிப் போனா உங்களுக்குத்தான் ஆகாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

தங்கபுஷ்பம் காரை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட ரத்தினம், "பிள்ளதான, போட்டும்" என்றான். அதோடு சரி. திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து அவன் அரத்தைத் தொடவில்லை. சாப்பிட்டதும் வாசலில் நின்று போகிற வருகிற வண்டிகளைப் பார்ப்பான், வந்து படுப்பான். ஆடி போய் ஆவணியும் பிறந்துவிட்டது. வியாபாரி புதுக் கார் கொண்டுவந்து காட்டியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது. மனுஷனை இப்படியே விட்டால் மரமாகிப் போவான் என்று தோன்றியது.

மறுநாள் காலை குற்றாலத்துக் கடையில் பெரிய மர லாரி ஒன்று வாங்கிக்கொண்டு இலத்தூருக்குப் பஸ் ஏறினாள். காமராஜ் முற்றத்துச் சகதியில் காரை உருட்டிக்கொண்டிருந்தான். லாரியை அவன் முன்னால் வைத்துவிட்டுக் காரை எடுத்தாள். அவன் போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"பிள்ள கையில உள்ளதப் பிடுங்குதியளே மதினி! இந்தப் புத்திக்குத்தான் ஆண்டவன் உங்களுக்கு ஒண்ணும் குடுக்கல" என்றாள் உலகம்மை.

எந்த வார்த்தைக்குப் பயந்து காரைக் கொடுத்தாளோ, அதுவே நாலுபேர் முன்னால் வந்து விழுந்தது. ஆனாலும் தங்கபுஷ்பம் காரை விடவில்லை.

"இது விளையாட்டுச் சாமான் இல்லட்டி. உங்க அண்ணன் செஞ்ச வேல. அவுஹள கேக்காம எடுத்துத் தந்தது என் தப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் முந்தானையால் சகதியைத் துடைத்தபோதுதான் காருக்குள்ளே பார்த்தாள். கம்பியை வளைத்து ஸ்டீயரிங், தோல் தைத்த சீட்டு, சீட்டுக்கு நூலளவில் ஒரு பெல்ட். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடவில்லை அந்த மனுஷன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ரத்தினத்தின் முன்னால் காரை வைத்தாள். அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"பிள்ள அழுதானா?"

"அழுதான். லாரி வாங்கிக் குடுத்திருக்கேன்."

"உலகம்மை ஏதாவது சொன்னாளா?"

"சொல்லிட்டா. இனிம சொல்லுததுக்கு அவகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. பின்சக்கரம் ஒண்ணக் காணோம், பாருங்க."