பதினான்காம் கம்பு

சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. கம்புக்காரர் என்று கேட்டால் பால் ஊற்றுகிறவரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை கையை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

ஊர் முடிகிற மதகிலிருந்து கடலோர மீன்துறை வரை சதுப்பு நிலம். மேடு என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒரு சாண் மண் கிடையாது. நாணலும் கோரையும் உப்புச் சேறும்தான். அதன் குறுக்கே மூன்று நடைவழிகள் போகின்றன. கல் பாவிய வழிகள் அல்ல. நூறு அடிக்கு ஒரு கம்பு, தலையில் சிவப்புச் சாயம், கழுத்தில் எண். கம்புக்குக் கம்பு பார்த்து நடந்தால் துறைக்குப் போய்ச் சேரலாம். கம்பை விட்டால் இடுப்பளவு சேறு. அந்தக் கம்புகளை நடுவதும், சாய்ந்ததை நிமிர்த்துவதும், கடல் ஏறி இறங்கும்போது ஓடை தடம் மாறினால் கம்பையும் மாற்றி நடுவதும் இருபத்தாறு வருஷமாக அவருடைய உத்தியோகம். கம்பை அறைந்து இறக்குகிற மரச் சுத்தியலான கொட்டாப்புளியைத் தோளில் போட்டுக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு வழியையும் நடந்துவிட்டு, எந்தக் கம்பில் என்ன மாற்றம் என்று படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

படிவம் எழுதுவதில்தான் சிக்கல். அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் எழுதிக் கொடுத்தது அவர் மனைவி. சாயங்காலம் சமையலறை மேசையில் வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனாவை எடுப்பாள். "ஒன்னு?" என்பாள். நேராக இருக்கிறது என்பார். "ரெண்டு?" அதுவும்தான். இப்படியே போகும். ஏதோ ஒரு எண்ணில், "அங்க கொஞ்சம் வலப்பக்கமா வந்தேன்" என்பார். "ஏன் வந்தீங்க?" என்பாள். அப்போதுதான் அவருக்கே உறைக்கும், அந்த இடத்தில் தரை இளகியிருக்கிறது என்று. மறுநாள் போய்க் கம்பை மாற்றிவிட்டு வருவார். அவளுக்கு அவர் வைத்திருந்த பட்டப்பெயர் ஹெட் ஆபீஸ். அவள் கேட்கிற கேள்வியும் தன் வேலையில் ஒரு பகுதி என்று அவரும் நினைத்ததில்லை, அவளும் நினைத்ததில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்துவிட்டு அவள் போய்விட்டாள். நாலாம் நாள் காலையில் கம்புக்காரர் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் உட்கார்ந்திருந்த கொழுந்தியாள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, வேலைக்குக் கிளம்பிட்டாரு மகராசன்" என்றாள். அது அவர் காதிலும் விழுந்தது. ஆனால் தைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் அவருக்கு எல்லாமே இருந்தது. விரல் படுவது தெரிந்தது, கன்னம் அவருடையதாகத் தெரியவில்லை. சோறு வடித்தார், தின்றார், நடந்தார். படிவத்தில் ஐம்பத்தெட்டுக் கம்புக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்து 'மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வழிக்கு மட்டும் அப்படி எட்டுப் படிவங்கள் போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை, துறைக்குப் பாடம் எடுக்கப் போன தையல் டீச்சர் மூன்றாம் வழியில் பதினான்காம் கம்பைத் தாண்டினதும் இடுப்பு வரை இறங்கிவிட்டார். கடல் ஏறுகிற நேரம். வலை காயப்போட வந்த ஒருவர் பலகையைப் போட்டு இழுத்து எடுக்கும்போது தண்ணீர் டீச்சரின் மார்புக்கு வந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: கம்புக்காரர் எங்கே நடக்கிறார், வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடுகிறார்.

வெள்ளிக்கிழமை விசாரணை என்று ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. நடக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை போகும். மூன்றாம் வழியையும் மூடிக் கம்புகளைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் துறைக்காரர்கள் ரோட்டைச் சுற்றித்தான் வர வேண்டும், ஒன்றரை மணி நேரம். கம்புக்காரருக்குக் கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் செருப்புக்குள் கிடக்கிற கல் மாதிரி உறுத்தியது. நடக்காத வழிக்கு அவர் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

மதகுக்காரர் வந்து தோளில் கை வைத்தார். பழைய சிநேகிதர், வாய்ஜாலக்காரர். "போன வாரந்தான் ஓடை திரும்புச்சுன்னு சொல்லிடுய்யா. ஓடை என்ன, சாட்சி சொல்லவா வரப்போவுது?" என்றார். கம்புக்காரர் தலையை ஆட்டி வைத்தார்.

மகள் வெளியூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். சேதி கேட்டு லீவு போட்டு வந்திருந்தாள். வியாழக்கிழமை கடல் இறங்கியதும், இடத்தை நானே பார்க்கிறேன் என்று கிளம்பினாள். கம்பைப் பார்த்தபடி அவள் முன்னால் போக, அவர் கொட்டாப்புளியோடு பின்னால் வந்தார். பதிமூன்று. பதினான்கு. அடுத்த கம்பைப் பார்த்து நேரே எட்டு வைத்தவள் முழங்கால் வரை உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தால் அப்பா பின்னால் இல்லை. வலப்பக்கம் முப்பதடி தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா, எங்க போற?"

"வழியிலதான் போறேன்."

"கம்பு இங்கல்ல இருக்கு?"

அவர் நின்றார். கம்பைப் பார்த்தார், பிறகு காலடியைப் பார்த்தார். கோரை மடிந்து ஒற்றையடித் தடம் ஒன்று விழுந்திருந்தது. இடது குதிகால் தேய்ந்த பூட்ஸின் அச்சு. வேறு யாருடையதும் இல்லை, அவருடையதுதான். கடல் ஏறினாலும் ஓடைத் தண்ணீர் பரவாத ஓரம் அது; காய்ந்து வெடித்த அச்சின் மேல் ஈர அச்சு. பதினான்காம் கம்பில் வலப்பக்கம் பிரிந்து, இளகிய இடத்தைச் சுற்றிக்கொண்டு பத்தொன்பதில் மறுபடி வழியோடு சேர்ந்தது. நாலு மாதமாகக் கால் ஒதுங்கி நடந்திருக்கிறது. கை மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறது.

கொட்டாப்புளிக் கைப்பிடியை நீட்டி மகளை வெளியே இழுத்தார். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அவள் சேற்றுக் காலோடு அந்தத் தடத்தின் நெடுகிலும் போனில் படம் எடுத்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீ நடந்திருக்கப்பா. இதக் காட்டினா போதும், ஒரு பய வாயத் திறக்க முடியாது."

"நடந்திருக்கேன்," என்றார் அவர். "பாக்கல."

"அம்மா இருந்தா கேட்டிருப்பா. நானும் சொல்லியிருப்பேன்" என்றார், கணக்கு வாத்தியார் விடை சொல்கிற குரலில்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் அதிகாரி அம்மாள் எட்டுப் படிவங்களையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். கம்புக்காரரைவிடப் பத்து வயது சின்னவர். நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நடந்தீங்களா, வீட்ல உக்காந்து எழுதினீங்களா?"

அவர் மகளின் போனை மேசையில் வைத்தார். அதிகாரி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். முகம் தெளிந்தது. அப்படியானால் ஓடை சமீபத்தில்தான் திரும்பியிருக்கும், இல்லையா என்று அவரே கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். கதவோரம் நின்ற மதகுக்காரர் புருவத்தை உயர்த்தி ஜாடை காட்டினார்.

"இல்ல மேடம். அடில இருக்கற அச்சு காஞ்சு வெடிச்சுப் போச்சு. மூணு மாசத்துக்கு மேலயே ஆயிருக்கும். சுத்திதான் போயிருக்கேன். சுத்திப் போறேன்னே எனக்குத் தெரியல. டீச்சர் இறங்கினது என்னாலதான்."

மதகுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டார். அதிகாரி வெகுநேரம் எழுதினார். முடிவு இதுதான்: சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கண்டனக் குறிப்பு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக. மூன்றாம் வழியை மூட வேண்டாம், காலடித் தடத்துக்குக் கம்பை மாற்றினால் போதும். "இனிமே ஒத்தக் கோடு இழுத்து வந்த படிவம் எதுவும் இந்த மேசையத் தாண்டாது" என்றார்.

சனிக்கிழமை, பதினைந்திலிருந்து பதினெட்டு வரை நாலு கம்பையும் பிடுங்கித் தன் தடத்திலேயே நட்டார். மிச்ச வழியையும் துறை வரை நடந்துவிட்டுத் திரும்புகையில் டீச்சர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று தன் தப்பைச் சொன்னார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேத்துக்குள்ள என் கத்திரிக்கோல் கெடக்கு, கெடைச்சாக் குடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்குக் கிளம்புகிற நாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. புதுப் படிவத்தைச் சமையலறை மேசையில் விரித்து, அவளாகவே பேனாவைத் திறந்தாள்.

"ஒன்னு?"

அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பதினான்கு, பத்தொன்பது எல்லாம் தடுமாறாமல் வந்தன. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இருபத்தேழு?"

நேற்றுத்தான் அதன் பக்கத்தில் நடந்து போயிருந்தார். கண்ணை மூடிப் பார்த்தார். அங்கே கம்பும் இல்லை, ஓடையும் இல்லை.

"தெரியலம்மா. அதப் பாக்காம வந்திருக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அத எழுதாம விடு," என்றார். "காலைல கடல் எறங்கினதும் போய்ப் பாத்துட்டு வரேன். போன் பண்ணு, சொல்றேன்."

அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு இருபத்தெட்டு என்றாள்.