கொள்ளுப்பாட்டிக்கு நான் வைத்த பெயர்

என் மகள் கனடாவில், பிரெஞ்சு பேசும் பக்கத்தில் இருக்கிறாள். அந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சம்பந்தியம்மா வீடியோவில் வந்தாலே, என்ன கேட்டுவிடுவாரோ என்று பயம்.

அன்று சம்பா அறுவடை. வரப்பில் நின்றபடி போனை எடுத்தேன். பிறக்கப்போகும் குழந்தைக்காகச் சம்பந்தியம்மா இரண்டு வீட்டு வம்சத்தையும் எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் பக்கம், கப்பலில் வந்து இறங்கிய முதல் ஆள் வரைக்கும் தெரிந்துவிட்டதாம். பெண்கள் பெயரும் விடுபடவில்லை. அங்கே கல்யாணமானாலும் பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தானாம்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் பெயர் இருப்பதால், அங்கே மகளை ஆபீசில் என் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்தே எனக்குக் கூச்சம்.

“அப்பா, உங்க அம்மாவோட அம்மா பேரு என்னப்பா?”

நான் பிறக்கும் முன்பே போய்விட்டவர். சீர்காழியிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்கு வாக்கப்பட்டு வந்ததால் ஊரார் எல்லாருக்கும் அவர் ‘சீர்காழியா’, அதாவது சீர்காழிக்காரி. என் அம்மாவுக்கு ‘எங்கம்மா’. பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அம்மா உயிரோடு இருந்தபோது நான் ஒரு நாள் கூடக் கேட்கவில்லை.

சம்பந்தியம்மா பேனாவோடு காத்திருந்தார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அறுவடை மெஷின் என் பக்கம் திரும்பியது. அதன் நெற்றியில் எழுதியிருந்த அம்மன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

டிரைவருக்கு டீ கொண்டுவந்த என் மனைவி கேட்டுக்கொண்டே நின்றாள். “எங்கேர்ந்துங்க புடிச்சீங்க அந்தப் பேர?”

கண்ணால் மெஷினைக் காட்டினேன்.

“நல்லவேளை, பின்பக்கம் பாக்கல. பாட்டிக்கு ‘ஹாரன் அடிக்கவும்’னுல்ல பேரு வச்சிருப்பீங்க!”

சில வாரம் கழித்து மகள் கூப்பிட்டாள். “ஸ்கேன் பண்ணிச் சொல்லிட்டாங்க, பொண்ணுதான்ப்பா. கொள்ளுப்பாட்டி பேரையே வைக்கப்போறோம். உங்க மாப்பிள்ளைக்கும் வாயில வருது.”

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. “பேசாம விடுங்களேன். அம்மன் பேருதானே?” என்றாள் மனைவி. அம்மன் பெயர்தான், பாட்டி பெயர் இல்லையே. நான் செத்தாலும் அந்தப் பொய் கனடாவில் உயிரோடு நடமாடுமே.

ஒருவழியாகச் சொன்னேன். “அம்மாடி, அது பாட்டி பேரு இல்ல. எனக்குத் தெரியாது. ஊர்ல சீர்காழியான்னுதான் சொல்வாங்க. நான் சொன்ன பேரு மெஷின்ல எழுதியிருந்துச்சு.”

“நெல்லறுக்கிற மெஷினாப்பா?”

“ஆமாம்மா.”

அவள் சிரிக்கவில்லை. “வயித்தத் தடவித் தடவி அந்தப் பேரச் சொல்லித்தான்ப்பா பேசிக்கிட்டிருக்கேன்.” போனை வைத்துவிட்டாள்.

மறுமுறை சம்பந்தியம்மாவே பேசினார். மகள் ஒட்டாத குரலில் தமிழில் சொன்னாள். அவர்கள் முன்னோர் ஒரு படைவீரர். வந்த ஊரை வைத்து அவரைக் கூப்பிட்ட பெயர்தான் இன்று என் மருமகனுக்குக் குடும்பப் பெயராம். “சீர்காழியான்னே எழுதிட்டாங்கப்பா. முதல்லயே சொல்லியிருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாங்களாம்.” அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“குழந்தைக்கு?” என்றேன்.

“தெரியலப்பா. அந்தப் பேர விடவும் முடியல, வைக்கவும் முடியல.”

மறுநாளே சீர்காழிக்கு பஸ் ஏறினேன். உண்மைப் பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு அதை வைக்கலாமே. விசாரித்து, பாட்டியின் அண்ணன் வழிப் பேரன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டு, வெகுநேரம் யோசித்தார்.

“பேரு தெரியாதுங்க. எங்க வீட்ல ‘திருக்காட்டுப்பள்ளி அத்தை’ன்னுதான் சொல்வாங்க.”

பஸ் ஸ்டாண்டிலிருந்தே மகளுக்கு போன் போட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அதையும் எழுதிக்கச் சொல்றேன்ப்பா” என்றாள்.

குழந்தையின் பெயரைப் பற்றி அவள் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.