ஜெசிந்தாவின் கண் பிரஷ்

ஜெசிந்தா போய்விட்டாள் என்று தேவகி போனில் அழுத காலையில், "எப்படி?" என்று மட்டும் கேட்டேன். காய்ச்சல், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் என்றாள். அதற்கடுத்து நாக்கு நுனிவரை வந்த கேள்வியை நான் கேட்கவில்லை: அவளுடைய கண் பிரஷ் எங்கே?

ஒதியம்பட்டு சாலையில், உரக்கடைக்கு மேலே எங்கள் மாடி அறைக்கு வந்துபோனவர்களுக்கு அந்த பிரஷ்ஷைத் தெரிந்திருக்கும். உள்ளங்கை அளவுப் படங்கள் வரைகிற மூன்று பேர் நாங்கள்: ஜெசிந்தா, தேவகி, நான். ஒரே வயதுக்காரர்கள். முகங்களுக்குக் கண்ணும் புருவமும் எழுதுவதற்கென்றே ஜெசிந்தா ஒரு மெல்லிய பிரஷ் வைத்திருந்தாள். வேறெதற்கும் அதை எடுக்கமாட்டாள். வருகிறவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் கண்ணு யாரு போட்டது?" அவள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டுவாள். அடக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

நானும் அதே கடையில், அதே எண்ணில் ஒரு பிரஷ் வாங்கினேன். பழைய காலத்து ஓவியர்கள் அணில் வால் முடியை எப்படிக் கட்டினார்கள் என்பதுவரை தேடிப் படித்தேன். மழைக்காலம் முடிவதற்குள் என் பிரஷ் பாம்பு நாக்குபோல இரண்டாகப் பிளந்துவிட்டது.

"இன்னாடி, அதே நம்பரா?" என்று சிரித்தாள் ஜெசிந்தா. "கழுவிட்டு டம்ளர்ல முடி மேல இருக்க நட்டு வைக்கிற. தண்ணி பூரா எறங்கி, முடியக் கவ்வியிருக்கிற தகரத்துக்குள்ள நிக்குது. தலையில தண்ணி நின்னா உனக்குச் சளி புடிக்காது? அதுக்கும் அப்புடித்தான்."

"அப்போ உன்னுத ஒரு நாளைக்குக் குடு. போட்டுப் பாக்குறேன்."

"செருப்பு வேணா மாத்திப் போட்டுக்கலாம்டி. இது முடியாது."

அவள் அதைக் குழந்தை சோப்பில் கழுவி, உதட்டில் வைத்து நுனியைக் கூராக்கி, முடிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பலகையில் படுக்க வைப்பாள். உதட்டில் எண்ணெய் படக்கூடாதென்று வேலை நாட்களில் ஊறுகாய் தொடமாட்டாள். தேவகி வீட்டு மாவடு வந்தாலும் தயிர்சோற்றை வெறுமனே விழுங்குவாள். எனக்கு அதிலும் பொறாமைதான். மாவடுவைச் சப்பிக்கொண்டே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்குத் தெரியாமல் என் அடுத்த பிரஷ்ஷை வீட்டில் அவளைப் போலவே கழுவிப் படுக்க வைத்தேன். ஆனாலும் கண்கள் அவளுக்குத்தான். எனக்கு மரங்களும் பறவைகளும். அந்தக் கோடு பிரஷ்ஷில் இருக்கிறது என்று நம்பினேன். அப்படி நம்பினால்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

அடக்கம் முடிந்த வாரத்தில் அவள் அம்மா பிரஷ் டப்பாவைக் கொண்டுவந்தார். "வூட்டுல கெடந்தா பசங்க எடுத்து வெளையாடும். நீங்களே வச்சிக்குங்கம்மா."

ஜெசிந்தா முடிக்காமல் விட்ட படம் அவள் பலகையிலேயே இருந்தது. மாடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் கண் எழுதியாகிவிட்டது. மற்றவளுக்கு இல்லை.

"நீயே போட்டுடு," என்றாள் தேவகி. "வேற யாரு இருக்கா?"

கண் பிரஷ்ஷைக் கையில் எடுத்தபோது, அந்தத் துக்கத்திலும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறொரு தாளில் இழுத்துப் பார்த்தேன். முடி பிரிந்து இரட்டைக் கோடாக விழுந்தது. மறுபடியும் அப்படியே. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல வருடம் இடது கைச் சாய்விலேயே உரசி, நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இடது கைக்கு மாற்றிப் பிடித்தால் முடியெல்லாம் ஒன்றுகூடி ஊசிபோல் நின்றது. என் இடது கைக்குத்தான் கோடு இழுக்கத் தெரியாது. அன்றைக்கு அவள் கொடுத்திருந்தாலும் எனக்கு ஆகியிருக்காது.

அதைக் கழுவிப் படுக்க வைத்துவிட்டு, என்னுடைய பிரஷ்ஷால் இரண்டாமவளுக்குக் கண் எழுதினேன்.

படம் கேட்டிருந்த திருவாண்டார்கோயில் பெரியவர் வந்தார். ஜெசிந்தாவின் கடைசிப் படம் என்று கேள்விப்பட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாமவளின் கண்ணருகே விரலை நிறுத்தினார்.

"இதப் பாரும்மா. அந்தக் கண்ணவிட இது இன்னா உசுரா இருக்கு! அந்தப் பொண்ணு மாதிரி இனிமே யாரு போடப் போறா?"

தேவகி வாயைத் திறந்தாள். வேண்டாமென்று தலையசைத்தேன். ஜெசிந்தா கழுவுகிற விதத்தில் கழுவி வைத்த பிரஷ் அது. முழுக்க என்னுடைய கண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடம் நான் ஏங்கிய பாராட்டும் அவளுக்கே போயிற்று. இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் எரிகிறது. பெரியவர் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கண் பிரஷ் என்னிடம்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுப்பதில்லை.

பெரியவர் படத்தை வாங்கிக்கொண்டு போன மதியம் தேவகி மாவடு கொண்டுவந்திருந்தாள். நான் எடுக்கவில்லை.