கோட்டுப் போட்ட மருமகன்

போன ஞாயிற்றுக்கிழமை என் தாலிக்கொடியை ஒரு பொலிஸ்காரரின் கையில் பார்த்தேன்.

நீலக் கையுறை போட்ட கை. அதற்குள் என் தாலிக்கொடி சுருண்டு கிடந்தது. ஏதோ குப்பைக்குள் இருந்து பொறுக்கி எடுத்த சாமான் மாதிரி. எழுத்துக் கோணலாக இருந்தால், இதை வாங்கிப் பத்திரிகைக்குத் தட்டச்சுச் செய்கிற பிள்ளை கோவிக்கக் கூடாது.

சரி... முதலில் இருந்து சொல்கிறேன்.

சொந்தத்தில் ஒரு கல்யாணம். மகள் தர்ஷிக்கு எட்டாம் மாதம், வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளால் நெடுநேரம் இருக்க ஏலாது. என் மனுசனுக்கு முழங்கால் வருத்தம். வீட்டில் இருந்து ஒருவரும் போகாவிட்டால் சனம் சும்மா விடுமா? மருமகன்தான் சொன்னார் – "நான் வாறன் மாமி."

மருமகன் பெயர் குவாமே. தாய் தகப்பன் கானா நாட்டு ஆட்கள். இவர் பிறந்தது, படித்தது, வேலை செய்வது எல்லாம் இங்கே, ஜேர்மனியில். கறுப்பு மனிதர். ஆறடிக்கு மேல் உயரம். ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. என்னோடு பாதித் தமிழிலும் பாதி ஜேர்மனிலும் கதைப்பார். எங்கள் சனத்துக்குக் 'குவாமே' வாயில் வரவில்லை, 'குமார்' ஆக்கிவிட்டார்கள். அவரும் பாவம், 'குமார்' என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

இந்தக் குமாரிடம் இரண்டு பழக்கங்கள். ஒன்று – எங்கே போனாலும் கோட்டும் சேர்ட்டும்தான். ஞாயிறு விடிய பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவதற்கும் அயன் பண்ணின சேர்ட். மற்றது – ட்ரெயினுக்கு ஓடமாட்டார். கதவு மூடப்போகிறது, நாலு எட்டு வைத்தால் ஏறிவிடலாம்... ம்ஹூம். ஆறுதலாகத்தான் நடப்பார். ட்ரெயின் போய்விடும். "பெரிய துரை!" என்று நானும் என் மனுசனும் எத்தனை நாள் சிரித்திருப்போம்!

கல்யாண மண்டபத்தில் இராசு அண்ணை வந்து மருமகனைக் கட்டிப்பிடித்தார். அண்ணை எனக்கு ஒன்றுவிட்ட தமையன். குரல் கொஞ்சம் பெரிசு.

"குமார்! கோட்டும் ரையும்... மாப்பிளையைத் தூக்கி அடிச்சிட்டீர் போங்கோ!"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியே தங்கச்சி? மனுசன் எண்டா இப்பிடி உடுக்க வேணும். 'பொலிஸ் மறிக்குது, பொலிஸ் மறிக்குது' எண்டு சிலபேர் கத்துறாங்கள். பின்னால தொப்பி தைச்ச சட்டையும், இடுப்பில நிக்காத காற்சட்டையும் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில நிண்டா மறிக்காமல் மாலையே போடுவாங்கள்?"

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டமாட்டேன்? நாங்கள் அப்படித்தானே பிழைத்து வந்தோம்? சண்டைக் காலத்தில் கொழும்பில் ஆமி செக் பொயின்ற் வருகிறது என்றால், தமிழ் என்று தெரியாமல் இருக்க நான் பஸ்ஸுக்குள்ளேயே நெற்றிப் பொட்டைத் துடைத்துவிடுவேன். சேலை கட்டமாட்டேன், சட்டைதான். என் மனுசன் தாடியை வழித்து, தலையை ஒட்ட வாரி இழுத்து, சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டுதான் வெளிக்கிடுவார். ஒழுங்காக உடுத்தவனை ஒன்றும் செய்யமாட்டாங்கள் – இதுதான் எங்களுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்த பாடம். இங்கே வந்தும் பிள்ளைகளுக்கு அதைத்தான் படிப்பித்தோம்.

மண்டபத்தில் சாப்பாடு முடிந்தது. வீட்டுக்கு எஸ்-பான் ட்ரெயினில்தான் போக வேண்டும். இங்கே இருக்கிற எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும்தானே? ட்ரெயினில் நகையோடு ஏறுவதில்லை. எங்கள் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று கள்ளருக்கும் தெரிந்துபோச்சு. அதனால் மண்டபத்துக் கழிப்பறையில் எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று நகை கழற்றுவோம். காப்புகள் எனக்கு இறுக்கம் – சவர்க்காரம் போட்டுத்தான் இழுக்க வேண்டும். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டேன்.

கைப்பையில் வைக்கப் பயம். பறித்துக்கொண்டு ஓடினால்?

மருமகனைப் பார்த்தேன். உயரமான மனிதர், நல்ல கோட்டு. "தம்பி, இதை உங்கட கோட்டுக்குள்ள வையுங்கோ. உள்பொக்கற்றில. அதுதான் பாதுகாப்பு."

அவர் பையையும் தன் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஓம் மாமி" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏன் அப்படிப் பார்த்தார் என்று நான் யோசிக்கவில்லை.

மாறி ஏறுகிற ஸ்டேஷனில் இறங்கினோம். நல்ல வெளிச்சம், பின்னேரம்தான். அவர் ட்ரெயின் நேரம் காட்டுகிற போர்ட்டுக்குக் கிட்டப் போனார். நான் பலகாரப் பையோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். எங்கிருந்து வந்தார்களோ தெரியாது – இரண்டு பொலிஸ். ஒரு பெடியன், ஒரு பெட்டை. என் பிள்ளைகளைவிட இளசுகள்.

பிளாட்பாரம் நிறையச் சனம். ஒருவன் பியர்ப் போத்தலோடு ஆடுகிறான். ஒருவன் சனம் இருக்கிற வாங்கில் சப்பாத்தோடு கால் நீட்டிக் கிடக்கிறான். அவர்களை எல்லாம் தாண்டி நேரே வந்தது என் மருமகனிடம்தான்.

"வணக்கம். அவுஸ்வைஸ் காட்டுங்கோ" என்றான் பெடியன். அடையாள அட்டை.

அட்டை எங்கே இருந்தது தெரியுமோ? கோட்டின் உள்பொக்கற்றில்!

மருமகன் உடனே கையை உள்ளே விடவில்லை. இரண்டு கையையும் வெளியே தெரிய வைத்துக்கொண்டு சொன்னார் – "அட்டை கோட்டுக்குள்ள இருக்கு. இப்ப எடுக்கப்போறன். எடுக்கலாமோ?" குழந்தைக்குச் சொல்வது மாதிரி, சொல்லுச் சொல்லாக.

"ம்" என்றான் பெடியன்.

மருமகன் மெல்லக் கையை விட்டார். அட்டையை இழுத்தார். என் துணிப்பை குறுக்கே சிக்கிக்கொண்டது. ஒரு தரம் இழுத்தார்... வரவில்லை. கொஞ்சம் உரமாக இழுத்தார்.

பெடியனின் கை இடுப்புக்குப் போய்விட்டது.

"கை! கையை வெளியில எடு!"

அவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மருமகன் அசையவில்லை, கண்கூட வெட்டவில்லை. கோட்டுக்குள் இருந்து கை ஒரு நூல் ஒரு நூலாக வெளியே வருகிறது. என் வீட்டில் ஒரு பிள்ளை எட்டு மாத வயிற்றோடு தகப்பனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்... அந்த நினைப்பு மட்டும்தான் எனக்கு.

கையோடு துணிப்பையும் வந்தது. பெடியன் கையுறை போட்டுக்கொண்டு அதை அவிழ்த்தான். தாலிக்கொடி.

"இது யாருடையது?"

"என் மாமியுடையது. அந்தா நிக்கிறா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பொலிஸ் பெட்டை என்னிடம் வந்தாள். என்ன அன்பு! தோளில் மெல்லக் கை வைத்து என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமோ? உங்களை வெருட்டி ஏதும் வாங்கினவரோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், பெடியன் போட்ட சத்தத்தைவிட இந்த அன்புதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது. அவளுக்கு நான் களவு கொடுத்த கிழவி. அவர் களவெடுத்தவர். கதை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, நான் ஓம் என்று தலையாட்டினால் போதும்.

வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும் – நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்காது. அன்றைய கல்யாணத்தில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோதும் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றவள். அன்றைக்கு ஒரு போட்டோ எடுத்திருந்தால், கழுத்தில் கொடியோடு நான் நிற்பதைக் காட்டியிருக்கலாம். இப்போது என்னத்தைக் காட்டுவேன்? இத்தனை வருசம் தரை துடைத்துப் படித்த ஜேர்மன் அத்தனையும் அந்த நேரம் ஓடி ஒளித்துவிட்டது. 'மருமகன்' என்பதற்கு அவங்கள் ஒரு நீளமான சொல் வைத்திருக்கிறாங்கள்... வரவே இல்லை.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமோ? பலகாரப் பையைக் கீழே வைத்தேன். குளிர்க்கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டினேன். அத்தனை சனத்துக்கு நடுவில் கையை நீட்டினேன்.

காப்பு இருந்த இடம் சிவப்பாகக் கிடந்தது. சவர்க்காரம் போட்டு இழுத்த தடம், இன்னும் மாறவில்லை.

பெட்டை அதைப் பார்த்தாள். பெடியனின் கையில் இருந்த துணிப்பையை வாங்கி, ஒரு காப்பை எடுத்து என் கையோடு பிடித்துப் பார்த்தாள். அந்தச் சிவப்பு வளையத்தில் அச்சாகப் பொருந்தியது.

"தோஹ்ட்டர்... மான்" என்றேன். மகளின் மனுசன். அதற்குமேல் வரவில்லை.

விட்டுவிட்டார்கள். பெடியன் தாலிக்கொடியை என் உள்ளங்கையில் வைத்தான். மருமகனிடம் சிரித்துக்கொண்டே சொன்னான் – "குறை நினைக்காதேங்கோ. இப்ப கள்ளர் எல்லாம் வடிவா உடுத்துக்கொண்டுதான் வாறாங்கள். நல்ல ஞாயிறாக இருக்கட்டும்!"

எங்கள் ட்ரெயின் கதவைத் திறந்தபடி நின்றது. எனக்கு அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும். மருமகனின் கையைப் பிடித்து இழுத்தேன். "ஓடுவம் தம்பி, கெதியா!"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "ஓடக்கூடாது மாமி. அவங்கள் இன்னும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

கதவு மூடியது. ட்ரெயின் போனது. பெரிய துரை!... அப்படிச் சொல்லித்தானே நாங்கள் சிரித்தோம்.

வாங்கில் இருந்தோம். அவர் கோட்டுப் பொத்தானைப் போடப் பார்த்தார். பொத்தான் துளைக்குள் போகவில்லை. நான் போட்டுவிட்டேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கின தமிழில் எழுதுகிறேன்.

"ஸ்போர்ட்ஸ் ஜக்கெற்றோட நிண்டா, 'இஞ்ச என்ன செய்யிறாய்?' எண்டு கேப்பாங்கள். கோட்டோட நிண்டா, 'இது எங்க இருந்து வந்தது?' எண்டு கேப்பாங்கள்."

"அப்ப ஏன் தம்பி எந்த நேரமும் கோட்டு?"

"அம்மா பழக்கினது. கோட்டுப் போட்டா 'நீங்கள்' எண்டு சொல்லி மறிப்பாங்கள். போடாட்டி 'நீ'. அவ்வளவுதான் மாமி வித்தியாசம். இண்டைக்குப் பாத்தீங்கள்தானே... கை உள்ள போனவுடனே அந்த 'நீங்கள்'உம் போயிட்டுது."

அப்போதுதான் எனக்கு என் மனுசனின் சப்பாத்து ஞாபகம் வந்தது. கொழும்பில் ஒருநாள், வடிவாக இருக்க வேண்டும் என்று புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனார். ஆமிக்காரன் காலைப் பார்த்துக் கேட்டானாம் – "புதுச் சப்பாத்து என்னத்துக்கு? எங்க ஓடப்போறாய்?" அதற்காகவே உள்ளே வைத்திருந்து அடுத்த நாள்தான் விட்டாங்கள். இதை எப்படி நான் மறந்தேன்? மறக்கவில்லை... உடுப்புக் காப்பாற்றும் என்று நம்பினால்தானே அடுத்த நாளும் பிள்ளையை வெளியே அனுப்பலாம்?

"தர்ஷிக்குச் சொல்லாதேங்கோ மாமி. இந்த நேரத்தில வேண்டாம்" என்றார்.

நான் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்தத் துணிவில்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் ஒருவரும் சொல்லிப்போடாதேங்கோ.

இராசு அண்ணைக்கு மட்டும் போனில் சொன்னேன். அவர் கேட்டார்:

"என்ன உடுப்போட நிண்டவர்?"

"நீங்கள் கட்டிப்பிடிச்ச அதே கோட்டுத்தான் அண்ணை."

"அப்ப... ரையைக் கழட்டிட்டாரோ?"

அண்ணைக்கும் பயம். அவருக்கும் இரண்டு பெடியன்கள் இருக்கிறாங்கள், எங்கள் எல்லாரையும் போல நல்ல கறுப்புத்தான்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு உடுப்பு வாங்கக் கடைக்குப் போனேன். ஆண்பிள்ளை என்று ஸ்கானில் சொல்லிவிட்டார்கள். குளிர் ஜக்கெற்றுகள், என் உள்ளங்கை இரண்டும் சேர்ந்த அளவு. எல்லாவற்றிலும் பின்னால் தொப்பி தைத்திருக்கிறது. ஒன்றில் கரடிக்காதுகூட இருந்தது.

"தொப்பி இல்லாதது இருக்கோ?" என்று கடைப் பெட்டையிடம் கேட்டேன். இந்த ஜேர்மன் மட்டும் எங்கிருந்தோ ஒழுங்காக வந்தது.

அவள் சிரித்தாள். "தொப்பி இல்லாமலோ? இந்தக் குளிருக்குச் சின்னக் காது தாங்காதே!"

உண்மைதானே. கரடிக்காது வைத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அது மேசையில் கிடக்கிறது. தொப்பியைத் தைத்த தையலைப் பார்த்தேன், பிரிக்க லேசான தையல்தான். இன்னும் பிரிக்கவில்லை. பக்கத்தில் கிடக்கிற கத்தரிக்கோலையும் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.